மேப்பிள் நீரும் இரவல் அண்டாவும்

அன்றைக்கு அந்த மலைத்தோட்டத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். நான். என் மனைவி. அவளுடைய அண்ணன், அதாவது என் மச்சான். மச்சானின் மனைவி, முறைக்கு அவர் எனக்கு அக்கா. ஐந்தாவது ஆள் தோட்டத்தின் சொந்தக்காரரான கனடாக்காரர். அவரும் காலையில் கொஞ்ச நேரம், பின்னேரம் கொஞ்ச நேரம்தான் நின்றார். ஆறாவதாக ஓர் அண்டாவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அது எங்களுடையது அல்ல. எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்த, சென்னையிலிருந்து வந்த ஒரு அம்மாவிடம் இரவல் வாங்கியது. நாங்கள் அதைச் சில்வர் கிடாரம் என்போம். அவர் எவர்சில்வர் அண்டா என்பார். கப்பலில் சாமான் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்ததாம். மெல்பேர்ணில் அந்த நாட்களில் எங்கள் சனத்துக்குள் அவ்வளவு பெரிய பாத்திரம் வேறு ஒருவரிடமும் இல்லை. பொங்கலுக்கும் கலியாணத்துக்கும் அதுதான் வீடு வீடாகப் போய் வரும். காரின் பின் இருக்கையில் அக்காவுக்கும் என் மனைவிக்கும் நடுவில் அதை ஒரு ஆள் மாதிரி இருத்திக்கொண்டுதான் மலை ஏறினோம்.

எழுபதுகளின் பிற்பகுதி. ஓகஸ்ட் மாதத்துச் சனிக்கிழமை; இங்கே அது குளிர்காலத்தின் கடைசி. டண்டினொங் மலையில் இரவில் புல்லெல்லாம் உறைந்து வெள்ளையாகிக் கிடக்கும்; விடிந்து வெயில் பட்டதும் உருகும். அப்படி இரவில் உறைந்து பகலில் இளகினால்தான் மேப்பிள் மரத்தில் நீர் ஏறும் என்று கனடாக்காரர் சொல்வார். அந்தத் தோட்டத்தில் பழைய காலத்துத் துரை யாரோ நட்டுவிட்டுப் போன பெரிய மேப்பிள் மரங்கள் ஐந்து நின்றன. அதற்காகவே அந்தக் காணியை வாங்கினேன் என்பார் மனிதர். ஒவ்வொரு வருடமும் மரத்தில் சின்னத் துளை போட்டு, குழாய் செருகி, தகர வாளி கட்டி நீர் எடுப்பார். அவருடைய ஊரில் நாற்பது வாளி நீரைக் காய்ச்சினால் ஒரு வாளி பாகு வருமாம். இங்கே குளிர் போதாது, நீர் இன்னும் மெல்லிசு. விறகு மலையாகக் குவித்து எரித்தும் அரைப் போத்தல் பாகுகூட மிஞ்சாது. நான் அந்த நீரைக் குடித்துப் பார்த்தேன். இளநீருக்குள் யாரோ தாராளமாகத் தண்ணீர் கலந்துவிட்டது போல இருந்தது.

இந்தக் கதைக்குள் மச்சான் எப்படி வந்தார் என்று சொல்ல வேண்டும். கொழும்பில் படித்த இஞ்சினியர் அவர். இலங்கையில் ஒரு தொழிற்சாலையில் நாற்பது பேருக்கு மேலாளராக இருந்தவர். மெல்பேர்ணுக்கு வந்தபின், மலைக்குக் கீழே இருக்கும் டண்டினொங் ஊரில் ஒரு பண்டகசாலையில் பெட்டி அடுக்கினார். அவருடைய பட்டத்தை இங்கே யாரும் மதிக்கவில்லை. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். பால் தொழிற்சாலையில் தொட்டி கழுவுகிற வேலை. எனக்கு அந்த வேலை குறைவாகத் தெரியவில்லை. மச்சானுக்கு அப்படி இல்லை. எல்லோரும் ஒரே வீட்டில்தான் இருந்தோம். வேலை முடிந்து வந்தால் கையுறையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு இருப்பார். அக்கா தேத்தண்ணியை வைத்துவிட்டுப் போய்விடுவார்.

கனடாக்காரருக்கு ஒரு சிறிய பழச்சாறுத் தொழிற்சாலை இருந்தது. அப்பிள் சாற்றைக் காய்ச்சிக் கெட்டியாக்கி விற்கிற இடம். எண்ணெய் விலை ஏறியதிலிருந்து காய்ச்சுகிற செலவே மனிதரைத் தின்றுகொண்டிருந்தது. பண்டகசாலைக்குச் சரக்கு இறக்க வந்தபோது மச்சானோடு பேச்சு ஏற்பட்டது. மச்சான் சொல்லியிருக்கிறார்: காய்ச்ச முதலே முக்கால்வாசித் தண்ணீரை நெருப்பில்லாமல் எடுத்துவிடலாம், ரிவேர்ஸ் ஒஸ்மோசிஸ் என்று ஒரு முறை இருக்கிறது, கடல்நீரைக் குடிநீராக்கச் செய்தது, இப்போது பால்காரர்களும் செய்து பார்க்கிறார்கள் என்று. கனடாக்காரர் சிரித்துவிட்டு, "முதலில் என் மேப்பிள் நீரில் செய்து காட்டு. ஒரு போத்தல் நல்ல பாகை, பாதி விறகில் காட்டினால் நம்புகிறேன். அப்புறம் தொழிற்சாலைக்கு ஒரு இயந்திரம் வாங்கலாம். நடத்துவதற்கு ஒரு இஞ்சினியர் வேண்டும்தானே" என்றாராம்.

அந்தக் கடைசி வாக்கியத்தை மச்சான் எங்கள் வீட்டுக் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் நின்று மூன்று தரம் சொன்னார்.

இயந்திரத்துக்குக் குழாய் எங்கள் பால் தொழிற்சாலையில் இருந்து வந்தது. சீஸ் செய்து மிஞ்சும் நீரைக் கெட்டியாக்கப் பரீட்சித்துவிட்டு ஒதுக்கிய குழாய்கள். பழைய இரும்பு விலைக்கு, மேலாளரிடம் கேட்டு வாங்கினேன். கேட்டு வாங்கினது சரி. ஆனாலும் ஏற்றிக்கொண்டு வந்த அன்றைக்கு வழியில் கண்ட பொலிஸ் காரெல்லாம் எனக்காகத்தான் நிற்கிறது என்று நினைத்தேன். துளையிட்ட உருக்குக் குழாய்க்குள் மெல்லிய சவ்வு ஒன்று, பாம்புச் சட்டை மாதிரி. லொறி கழுவுகிற பெரிய பம்ப் ஒன்றை வாடகைக்கு எடுத்து, அதால் நீரை அமுக்கிக் குழாய்க்குள் விட வேண்டும்.

"வெடிச்சால்?" என்று கேட்டேன்.

"வெடிக்காது."

"வெடிச்சால் மச்சான், ஆருக்குப் படும்?"

"பக்கத்தில நிண்டு வெடிக்குமோ வெடிக்குமோ எண்டு கேக்கிறவனுக்குத்தான் முதல் படும்" என்றார். பிறகு பாவம் பார்த்து விளக்கினார். "இஞ்ச பார். தண்ணி சின்னன், சீனி பெரிசு. அமத்தினால் தண்ணி சவ்வுக்குள்ளால வெளியில போயிடும். சீனி போக ஏலாமல் குழாய்க்குள்ளயே நிக்கும். அவ்வளவுதான்."

நான் பயந்தவன் என்பதால் எனக்கு அதை மூன்று தரம் விளக்கினார். கனடாக்காரருக்குப் படம் கீறி இரண்டு தரம் விளக்கினார். வீட்டில் அக்காவுக்கு ஒரு தரமும் விளக்கவில்லை.

அன்று காலை எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஒரு கிழமையாகச் சேர்த்துக் குளிர்க் கொட்டிலில் வைத்திருந்த நீர் பால் கான்களில் நின்றது. இவ்வளவுதான், இனி மரம் மொட்டு விடப்போகிறது, இந்த வருடத்துக்கு இதுதான் கடைசி என்று சொல்லிவிட்டு, பின்னேரம் நாலரைக்கு வருகிறேன் என்று கனடாக்காரர் போய்விட்டார். பம்ப் உறுமியது. நான் ஒரு மரத்துக்குப் பின்னால் நின்றேன். குழாயின் வெளிப்பக்கம் வியர்ப்பது போலத் துளிர்த்து, துளி சேர்ந்து ஒழுகி, கண்ணாடி போன்ற தெளிந்த தண்ணீர் பெரிய தொட்டியில் விழுந்தது. மறு முனையால் மற்றது திரும்பத் திரும்பச் சுற்றி வந்து, கடைசியில் சின்னத் தொட்டியில் கொஞ்சமாக, இலேசான மஞ்சளில், கலங்கலாக நின்றது. மச்சான் அதில் விரல் தொட்டு நக்கிப் பார்த்தார். அவருடைய காது மடல் சிவந்திருந்தது. சந்தோசம் வந்தால் அவருக்கு அப்படி.

சனிக்கிழமை நண்பகலோடு கடையெல்லாம் பூட்டிவிடுவார்கள். பம்ப்பைப் பன்னிரண்டு மணிக்குள் டண்டினொங்கில் கொடுக்காவிட்டால் திங்கள்வரை வாடகை. ஆகவே அவசரமாகப் பம்ப்பைக் கழற்றிக் காரில் ஏற்றினோம். பெண்கள் இருவரும் கொட்டிலுக்குள் சாப்பாட்டுச் சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மூன்று கல் அடுப்பில் நெருப்பு மூட்டியாயிற்று.

"வடிச்சு முடிஞ்சுது" என்று காரில் இருந்தபடி மச்சான் கூப்பிட்டுச் சொன்னார். "இனிக் காய்ச்ச வேண்டியதுதான். நெருப்பை மட்டும் குறைய விடாதேங்கோ. நாங்கள் போட்டு வாறம்."

"ஓம், ஓம். நீங்கள் பாத்துப் போட்டு வாங்கோ" என்றார் அக்கா.

மலை இறங்கும்போது பிரேக் பிடிக்குமா என்று நான் யோசித்தேன். ஏறும்போது ரேடியேட்டர் கொதித்து, வழியில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நின்றோம். மரத்தில் போட்ட துளையால் மரம் பட்டுப்போகுமா, அதற்கு எங்களிடம் காசு கேட்பார்களா, பெண்கள் தனிய நிற்கிறார்கள், நெருப்புப் பொறி காட்டுக்குள் பறந்தால் என்ன செய்வது என்றெல்லாம் யோசித்தேன். இப்போது நினைத்துப் பார்த்தால், அன்றைக்கு நான் பயந்த காரியங்களில் ஒன்றுகூட நடக்கவில்லை. நடந்த காரியம் என் பயங்களின் வரிசையிலேயே இருக்கவில்லை.

மூன்று மணிக்கு மேல்தான் போய்ச் சேர்ந்தோம். அண்டாவில் ஆவி பறந்துகொண்டிருந்தது. நீர் வற்றி அடியில் நாலு விரல் உயரத்துக்குக் கிடந்தது. அக்காவின் முகம் நெருப்புக்குச் சிவந்து, சேலைத் தலைப்பு இடுப்பில் செருகி, கையில் நீளக் கரண்டி.

"நிறந்தான் வருகுதில்லை" என்றார். "நானும் இப்ப வரும், இப்ப வரும் எண்டு கிண்டிக்கொண்டு நிக்கிறன்."

மச்சான் கரண்டியை வாங்கி, கொஞ்சம் எடுத்து ஊதிக் குடித்தார். இன்னொரு கரண்டி எடுத்தார். பிறகு சுற்றிலும் பார்த்தார்.

"இஞ்சாரும், மற்றத் தொட்டி எங்கை?"

"எந்தத் தொட்டி?"

"சின்னன். மஞ்சளா இருந்துதே."

"அந்தச் சக்கைத் தண்ணியோ? அதை அந்தப் பூஞ்செடிக்கு ஊத்திப்போட்டன். தொட்டியும் தேய்ச்சுக் கழுவிக் கவிட்டிருக்கு. பிசுபிசு எண்டு ஒட்டிக்கொண்டு, கழுவ நான் பட்ட பாடு!"

கமேலியாச் செடி ஒன்று கொட்டிலுக்குப் பக்கத்தில் நிறையப் பூவோடு நின்றது. அதன் அடியில் மண் ஈரமாக இருந்தது. பக்கத்தில் சின்னத் தொட்டி, பளிச்சென்று, கவிழ்ந்து கிடந்தது.

"அண்ணை, என்ன?" என்றாள் என் மனைவி.

"ஒண்டுமில்லை. நீங்கள் ரெண்டு பேரும் காலமையில இருந்து தண்ணி காய்ச்சியிருக்கிறியள்."

என் மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு அக்காவைப் பார்த்தாள். சிரிப்பு அப்படியே நின்றுபோனது. அக்காவுக்கு விளங்கிவிட்டது. அவர் கணக்கில் கெட்டிக்காரி, ஒரு சொல்லில் எல்லாம் பிடிபட்டுவிடும். மச்சான் கரண்டியைக் கல்லின் மேல் மெதுவாக வைத்துவிட்டு மேப்பிள் மரங்களின் பக்கம் நடந்து போனார். கத்தியிருந்தால் எல்லோருக்கும் சுகமாக இருந்திருக்கும்.

"தம்பி" என்றார் அக்கா என்னிடம். "வடிச்சால் வடிஞ்சதைத்தானே வைச்சிருக்கிறது? மிஞ்சினதைத்தானே கொட்டுறது? விடியப்புறம் எழும்பிச் சொதிக்குப் பால் பிழிஞ்சு, சக்கையைக் கொட்டிப்போட்டுத்தானே வந்தனான்?"

அது உண்மை. அந்த நாட்களில் மெல்பேர்ணில் முழுத் தேங்காய் கிடைப்பது அரிது. சொதி என்கிற பால்குழம்புக்குப் பைக்கற்றில் வரும் காய்ந்த தேங்காய்ப்பூவைச் சுடுநீரில் ஊறவைத்து, துணியில் கட்டிப் பிழிவார்கள். துணிக்கு வெளியே வருவதுதான் பால். உள்ளே நிற்பதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. தேத்தண்ணியும் அப்படித்தான், சோற்றைத் தவிர எல்லாம் அப்படித்தான். தெளிந்து வந்ததை எடு, கலங்கலாய் நின்றதைக் கொட்டு. எங்கள் பெண்களின் கை அதைத்தான் செய்யும். இந்த ஒரு குழாயில் மட்டும் உலகம் தலைகீழ். வெளியே வந்தது வெறும் தண்ணீர். போகமுடியாமல் உள்ளே நின்றதுதான் சாரம். அதை எட்டாம் வகுப்போடு நின்ற நான் தெரிந்திருந்ததற்குக் காரணம் என் மூளை அல்ல, என் பயம். பயந்து பயந்து கேட்டதால் எனக்குச் சொன்னார்கள். அக்கா பயந்தவர் அல்ல. அதனால் யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

"சரிதானே அக்கா, அப்பிடித்தானே செய்யிறது" என்றேன்.

"இவரின்ரை வேலையை நான் செடிக்கு ஊத்திப்போட்டன்" என்றார். பம்ப் டண்டினொங்கில் பூட்டிய கடைக்குள். நீர் இந்த வருடத்துக்கு முடிந்தது. நாலரைக்கு மனிதர் வந்துவிடுவார்.

அண்டாவை எல்லோரும் மறந்துபோனோம். "டங்" என்று ஒரு சத்தம் கேட்டபோதுதான் திரும்பினேன். நீர் முழுக்க வற்றி, சூட்டுக்கு அடி புடைத்துக்கொண்டு வந்துவிட்டது. நானும் மனைவியும் சாக்கால் பிடித்து இறக்கி வைத்தோம். தரையில் வைத்ததும் அது ஒரு பக்கம் சாய்ந்து, மறு பக்கம் சாய்ந்து, தொட்டில் மாதிரி ஆடியது. ஐயோ, அந்தச் சென்னை அம்மாவுக்கு என்ன பதில் சொல்வேன் என்று நான் அதையே சுற்றிச் சுற்றி வந்தேன். மச்சானின் வேலை போன துக்கத்தைவிட எனக்கு அந்த நேரம் அண்டாதான் பெரிதாகத் தெரிந்தது. நான் அப்படித்தான்.

கனடாக்காரர் சொன்ன நேரத்துக்கு வந்தார். மச்சான் மரங்களின் பக்கமிருந்து நேராக அவரிடம் நடந்து வந்து, மறைக்காமல் சொன்னார். பாகு இல்லை, கெட்டியான நீர் தவறிக் கொட்டுப்பட்டுவிட்டது, காய்ச்சியது பிரிந்த தண்ணீரை, நான்தான் சரியாகச் சொல்லிவிட்டுப் போகவில்லை. "என் மனைவி" என்ற சொல்லை அவர் சொல்லவே இல்லை. அக்கா கொட்டில் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

மனிதர் தலையை ஆட்டினார். ஏமாற்றம் முகத்தில் தெரிந்தது. பிறகு ஆடிக்கொண்டிருந்த அண்டாவைப் பார்த்து, கிட்டப் போய்க் குனிந்தார். அடி சூட்டுக்கு நீலமும் பொன்மஞ்சளுமாக நிறம் மாறியிருந்தது. ஆனால் துப்புரவாக இருந்தது. விரலை நாக்கில் நனைத்து உள்ளே தேய்த்து, நக்கிப் பார்த்தார். இன்னொரு இடத்திலும் தேய்த்தார். மூக்கை உள்ளே விட்டு மணந்தார்.

"முழுக்க வற்றும்வரை காய்ந்ததா?" என்று கேட்டார்.

"ஓம். முழுக்க" என்றேன், ஓம் என்பது அவருக்கு விளங்காது என்பதை மறந்து.

அவர் அடுப்புக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். தான் பையனாக இருந்தபோது பாகு காய்ச்சும் கொட்டிலில் நித்திரையாகிப் போனதைச் சொன்னார். தகப்பனின் தட்டு வற்றி, கரிந்து, தார் மாதிரிப் பிடித்துக்கொண்டதாம். உளி கொண்டு செதுக்கியும் போகவில்லையாம். வீடு முழுக்க ஒரு கிழமை கருகல் மணமாம். "ஒரு கரண்டிச் சீனி இதற்குள் இருந்திருந்தாலும் இந்த அடி கறுத்திருக்கும்" என்றார். பிறகு கமேலியாவைக் கையால் காட்டினார். "அப்படியென்றால் என் சீனி முழுவதும் அங்கேதான் இருக்கிறது. உன் குழாய் ஒரு துளியைக்கூட வெளியே விடவில்லை." அவர் சிரிக்கத் தொடங்கினார். "பாகைக் கொண்டுவந்து காட்டியிருந்தால், கடையில் வாங்கி ஊற்றினாயோ என்று நான் ஒரு நிமிஷம் யோசித்திருப்பேன்."

திங்கட்கிழமை பின்னேரம் தொழிற்சாலைக்கு வா, அப்பிள் சாற்றில் பார்ப்போம், பம்ப் வாடகை என்னுடையது என்றார். வேலை என்று சொல்லவில்லை. பார்ப்போம் என்றுதான் சொன்னார். மச்சான் தலையை மட்டும் அசைத்தார். காது மடல் மறுபடி சிவந்திருந்தது.

இருட்டமுன் காரில் திரும்பினோம். அண்டா பின் இருக்கையில் ஒவ்வொரு வளைவிலும் டொக் டொக் என்று அக்காவின் முழங்காலில் இடித்தது. மலை அடிவாரம் வந்த பிறகு மச்சான் முன்னால் பார்த்தபடியே சொன்னார்:

"இஞ்சாரும். நாளைக்குச் சொதி வைக்கேக்கை பாலைச் செடிக்கு ஊத்திப்போட்டுச் சக்கையைக் காய்ச்சும். பாப்பம், என்ன வருகுதெண்டு."

பிறகு பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது: "அதைத்தானே இவ்வளவு வருசமா உங்களுக்குத் தந்துகொண்டு வாறன். இன்னும் கண்டுபிடிக்கேல்லையோ?"

என் மனைவி மத்தியானம் அடக்கிய சிரிப்பை எல்லாம் அப்போதுதான் வெளியே விட்டாள். அக்காவும் சிரித்தார், சிரித்துக்கொண்டே அழுதார். வீடு வந்ததும் மச்சான் கார் விளக்கைப் போட்டு வைத்துக்கொண்டு, அந்தக் குழாய் எப்படி வேலை செய்கிறது என்று அக்காவுக்குப் படம் கீறி விளக்கினார். காலையில் செய்திருக்க வேண்டியதைப் பின்னேரம் செய்கிறார் என்று நான் நினைத்தேன். சொல்லவில்லை.

அப்பிள் சாறு சரியாக வந்தது. கோடை தொடங்க முதலே மச்சான் பண்டகசாலையை விட்டார். கையுறை எங்கள் வீட்டுக் கராஜில் கனகாலம் தொங்கியது. கமேலியாச் செடிக்கு அடியில் இரண்டு கிழமையாக எறும்பு ஊர்வலம் போனதாகக் கனடாக்காரர் சொன்னாராம். அடுத்த வருடம் அவர் ஒரு சின்னப் போத்தல் பாகு அனுப்பினார். அக்கா அதைத் திறக்காமல் அலுமாரியில் வைத்திருந்தார்.

அண்டாவை மட்டும் நான்தான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியிருந்தது. அந்தச் சென்னை அம்மா அதை மேசையில் வைத்தார். அது ஆடியது.

"ஐயய்யோ, என்னங்க இது, கிண்டிட்டே இருக்க வேண்டியதில்லை போல, தானா ஆடுதே!" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "விடுங்க விடுங்க, பாத்திரம்தானே. இனி பொங்கல் எந்தப் பக்கம் பொங்கும்னு முன்னாடியே தெரிஞ்சுடும்" என்றார்.

விலை சொல்லவே மாட்டேன் என்றவரிடம் மச்சான் போய் நின்று, இருபது டாலர் என்று தானே தீர்த்து, முதல் சம்பளத்தில் எட்டு டாலரைக் கொடுத்தார். மிச்சத்தை அந்த அம்மாவும் கேட்கவில்லை, மச்சானும் கொடுக்கவில்லை. பிறகு அந்த அம்மாவின் குடும்பம் சிட்னிக்குப் போய்விட்டது. இப்போது அவர் மகனோடு அங்கே கெல்லிவில் என்ற பகுதியில் இருக்கிறார். அந்த அண்டாவில்தான் இன்றும் அரிசி கொட்டி வைத்திருக்கிறார், கீழே ஒரு மடித்த துணியை வைத்து. கலியாண வீடுகளில் அவரைக் காணும்போதெல்லாம் எனக்கு மனம் உறுத்தும். மணிபேர்ஸைத் தொட்டுக்கொண்டு கிட்டப் போவேன். "உங்க மச்சான் குடுக்கட்டும், அப்போ வாங்கிக்கிறேன்" என்பார். மச்சானைக் கேட்டால், "அவ கேக்கட்டும், அப்ப குடுப்பம்" என்கிறார். இருவருக்கும் அதில் ஏதோ சந்தோசம் இருக்கிறது. எனக்குத்தான் நிம்மதி இல்லை. பாக்கி இன்னும் பன்னிரண்டு டாலர்.